நார்மல் சாரின் இடது கை

பத்தாவது டேப்பையும் உரித்தாகிவிட்டது. நார்மல் சார் முகம் சுளிப்பதெல்லாம் கிடையாது. இடது முன்கையில் ஒட்டி, அழுத்தி, பத்து எண்ணி, ஒரே இழுப்பு. டேப்பில் ஒட்டி வந்த வெண்பொடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, "தங்கம்டா நீ!" என்று கைக்கே சபாஷ் சொல்லிவிட்டுக் குப்பியில் போடுகிறார்.

தோல்நோய் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் உதவியாளர். அரிப்பும் செதிலுமாக வருகிறவர்களின் தோலை இப்படி உரித்து, புரதத்தை வெட்டும் நொதிகள் அதில் என்ன ஆட்டம் போடுகின்றன என்று அளப்பது அங்கே வேலை. நொதி வெட்ட வெட்டக் குப்பியிலுள்ள கரைசல் ஒளிரும். ஒளி அதிகமா குறைவா என்று சொல்ல, நோயில்லாத தோல் ஒன்று பக்கத்தில் வேண்டுமே? பதினோரு வருடமாக அது இவருடைய இடது கைதான். அதனால் அவர் 'நார்மல் சார்'. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

நோயாளிகளுக்கு விளக்கம் இலவசம். "எல்லார் தோல்லயும் கத்திரிக்கோல் இருக்குங்க. செத்த தோலை வெட்டி உதிர்க்கணும்ல? என்னோடது பதவிசா வெட்டும். உங்களோடது குரங்கு கையில கிடைச்ச மாதிரி. அரிக்குதே, அதுவும் அதுங்க வேலைதான்." வந்தவர் முறைத்துக்கொண்டே சொறிவார்.

வீட்டில் அந்தக் கைக்கு ராஜ உபசாரம். சோப்பு பட்டால் தோலின் அமிலத்தன்மை போய்விடும், நொதிகளுக்குக் கொண்டாட்டமாகிவிடும். ஆகவே பாத்திரம் தேய்ப்பதில்லை. பேருந்தில் இடது கையால் கம்பியைப் பிடிப்பதில்லை. வளைவுகளில் அறிமுகமில்லாதவர் மடியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.

"ஒத்தக் கையால எப்படிம்மா தேய்க்கிறது?"

"ஒத்தக் கையாலதானே சாப்பிடுறீங்க? அது மட்டும் நல்லா வருதே!" என்பார் மனைவி.

சென்ற செவ்வாய்க்கிழமை குப்பிகள் வழக்கம்போல் கருவிக்குள் போயின. திரையில் எல்லா நோயாளிகளையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் நின்றது: நார்மல்.

"மெஷின் கெட்டுப்போச்சு மேடம்" என்றார் உடனே.

ஆராய்ச்சித் தலைவி அவரைவிட இருபது வயது இளையவர். நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க சார். சட்டைக் கையை மடிங்க, பாப்போம்."

முழங்கை மடிப்புக்குக் கீழே, டேப் ஒட்டும் இடத்தில், வெற்றிலை அகலத்துக்குச் சிவந்து செதில் விட்டிருந்தது.

"எப்போலேருந்து இது?"

"மூணு மாசமா. ஆனா ஒரு தடவைகூட சொறியல மேடம். தட்டித்தான் குடுத்தேன்."

தலைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாராவாரம் ஒரே இடத்தை உரிச்சா எந்தத் தோல்தான் தாங்கும்? அய்யோ, மூணு மாசமா நார்மலுக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் குறைஞ்சிக்கிட்டே வந்துதே! நோயாளிங்களுக்குக் குடுக்கிற நம்ம களிம்பு வேலை செய்யுதுன்னு நூறு பேர் முன்னாடி மேடையேறிச் சொல்லிட்டு வந்தேன் சார்! நோயாளிங்க யாருக்கும் குணமாகல. நீங்கதான் அவங்களை எட்டிப் பிடிச்சிருக்கீங்க!"

"அப்படியும் சொல்லலாம்" என்றார் மெல்ல.

"இனிமே வேற கை பாக்கணும். உங்க குப்பியை நோயாளி வரிசையில வச்சிடுங்க."

ஐம்பத்து நாலு வயதில் ஒருவர் நார்மல் இல்லை என்றாகிவிட்டால் அப்புறம் என்னவாக இருப்பது? அதை அவர் யோசித்ததே இல்லை. குப்பியை நோயாளி வரிசையில் வைத்தார். பிறகு வலது சட்டைக் கையின் பொத்தானைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மேசை விளிம்பில் தேய்த்துத் தேய்த்தே துணியை மேலேற்றி, முன்கையை விளக்கடியில் நீட்டினார்.

"இதைப் பாருங்க மேடம். பிரிக்காத பொட்டலம்."

மேசைக்கு அடியில் இடது கை, தன்பாட்டுக்கு, மேசைக் காலில் பரபரவென்று உரசிக்கொண்டிருந்தது.