அடி அண்ணாமலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய்ச் சொச்சம். எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். பையில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் இரண்டு பனியன்களும் இருந்தன. மதராஸில் ரயில்வே குமாஸ்தாவான நான் தினமும் விடியற்காலையில் கடற்கரையில் ஓடுகிறவன். திருவண்ணாமலை ஓட்டக்காரர்கள் கிளப் ஒன்று வருஷா வருஷம் இரண்டு நாள் பந்தயம் நடத்துகிறது: முதல் நாள் தனி ஓட்டம், மறுநாள் தொடரோட்டம். அதன் செயலாளர் பழனிவேல் ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். மதராஸ் பந்தயம் ஒன்றில் பழக்கமானவர். தங்கள் தொடரோட்ட அணியில் ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டதால், அந்த இடத்தில் என்னை ஓடச் சொல்லிக் கேட்டிருந்தார்.

கீழ்பென்னாத்தூரை நெருங்கியதும் பஸ் ஆமை போல நகர்ந்தது. தார் ரோட்டின் குறுக்கே நெற்கதிர்களைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறியே கதிரிலிருந்து நெல் உதிர்ந்துவிடும். நாளைக்கு இதே ரோட்டில்தான் ஓடப் போகிறோம் என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

"இங்கிருந்து திருவண்ணாமலைக்கா? பஸ்ஸு வச்சிக்கினு எதுக்கு சார் ஓடறீங்க?" என்றார்.

பஸ் நிலையத்தில் பழனிவேல் மாஸ்டர் காத்திருந்தார். தங்குவதற்கு அடி அண்ணாமலையில், எங்கள் அணியில் இரண்டாவதாக ஓடும் ஏழுமலையின் வீட்டில் ஏற்பாடு. ஏழுமலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். செருப்பில்லாமல்தான் நடப்பார், ஓடுவார். அவருடைய வீட்டை ஒட்டி, நடுச்சுவர் பொதுவாக, இன்னொரு வாசல் இருந்தது.

"பக்கத்தில் யார்?" என்று கேட்டேன்.

ஏழுமலை கை கழுவப் போய்விட்டார். அவர் மனைவி லட்சுமிதான் தணிந்த குரலில் சொன்னாள்: "அவர் தம்பி சேகருங்க. உங்க டீம்ல மூணாவதா ஓடறவர்தான். ரெண்டு பேருக்கும் பொதுக் கெணறு, அதுல மோட்டார் எரிஞ்சிப் போச்சு. உன் முறையில எரிஞ்சுதா என் முறையில எரிஞ்சுதான்னு ஆரம்பிச்சது. ரெண்டு வருசமா பேச்சுவார்த்தை இல்ல."

"ஆனால் ஒரே அணியில் ஓடுகிறார்களே?"

"மாஸ்டரு விடலீங்க. உங்க சண்டைய கெணத்தோட வச்சிக்குங்கன்னுட்டாரு."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூரில் இறக்கினார்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டரைத் திரும்பி ஓடி வர வேண்டும். ஷூ போட்டவர்கள் நெற்கதிரில் வழுக்கி வழுக்கித் தடுமாற, வெறுங்கால்காரர்கள் வீட்டு முற்றம் போல அதைக் கடந்தார்கள். கதிரடித்துக்கொண்டிருந்த பெண்கள் முறங்களை உயர்த்திச் சிரித்தார்கள். தூரத்தில் நீலமாகத் தெரிந்த மலை, எவ்வளவு ஓடியும் அருகில் வரவே மாட்டேன் என்றது. வேலூர்க்காரர் ஒருவர் முதலில் வந்தார். அவரைத் துரத்திக்கொண்டே வந்த ஏழுமலை இரண்டாவது. முடிந்ததும் அவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை ஊர்ப் பள்ளி மைதானத்தில் கட்டை மாற்றிப் பழகினோம். தொடரோட்டத்தில் கையிலிருந்து கைக்குப் போகும் அந்த மூங்கில் துண்டை அவர்கள் கட்டை என்றே சொன்னார்கள். வருகிறவர் 'பிடி!' என்று கத்த வேண்டும். நிற்பவர் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். ஏழுமலை கத்தவில்லை. நெருங்கியதும் இடது காலைத் தொம்மென்று மண்ணில் மிதித்தார். சேகரின் கை நீண்டது. கட்டை மாறிவிட்டது. கிளப்பிலேயே வேகமான கைமாற்றம் அதுதான் என்று நான்காவதாக ஓடும் ரஹீம் சொன்னார். அவர் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர்.

"நாலு வருஷமா பரிசுக் கேடயம் வேலூருக்குத்தான் போவுது சார்," என்றார் என்னிடம். "இந்த வாட்டி விடக்கூடாது."

ஞாயிறு காலை ஐந்தே முக்கால். பெரிய கோயிலின் கிழக்குக் கோபுரத்தடியில் எட்டு அணிகள் நின்றன. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர், நான்கு பேர். முதல் பகுதி என்னுடையது. கடைத்தெரு தாண்டி, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் வந்தபோது, வாடகை அறைகளின் வாசலில் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள் டீ டம்ளரோடு நின்று கைதட்டினார்கள். வலது பக்கம் முழுவதும் மலை. புளியமரங்களின் ஈரக் காற்று. நான் என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. கிரிவலப் பாதை பிரியும் இடத்தில், வேலூர்க்காரரை விட இருபது அடி முன்னால் போய் ஏழுமலையின் கையில் கட்டையைக் கொடுத்தேன்.

ஓடி முடித்தவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னால் வந்தது. அதில் மாஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்து ஏழுமலையைத் தொடர்ந்தேன். இருபது அடி ஐம்பதாயிற்று, நூறாயிற்று. அடி அண்ணாமலை கண்ணுக்குத் தெரிந்தது. ஊரே ரோட்டோரம் திரண்டிருந்தது. குறுக்கே சுண்ணாம்புக் கோடு, கோட்டில் சேகர். அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது, போனால் அணி நீக்கம் என்று முந்தின நாளே மாஸ்டர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

கோட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது ஏழுமலை சட்டென்று நின்றார். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒற்றைக் காலில் இரண்டு தாவு தாவி, விழுந்தார். எழப் பார்த்தார், மறுபடி விழுந்தார். வேன் நின்றது. ஊர் ஜனங்கள் ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். வேலூர்க்காரர் கடந்து போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும். எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா கேடயத்துக்காகவா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் கேடயத்துக்காகத்தான்.

அப்போது கோட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"யண்ணா! எழுந்து வாண்ணா!"

லட்சுமி கூட்டத்திலிருந்து திரும்பிச் சேகரைப் பார்த்தாள். ஏழுமலை கையை ஊன்றி நகரத் தொடங்கினார். நாலடி வந்திருப்பார். முட்டி தேய்ந்து ரத்தம் தெரிந்தது. சேகர் கோட்டைத் தாண்டி ஓடி வந்தான்.

மாஸ்டர் வேனிலிருந்து குதித்தார். "சேகரு! கோட்டத் தாண்டாத! டீமு அவுட்டு!"

"அவுட்டுன்னா அவுட்டு சார்!" என்றான் அவன். ரோட்டில் உட்கார்ந்து, அண்ணனின் காலைத் தன் மடியில் வைத்து, விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தான்.

ஏழுமலை வலியில் பல்லைக் கடித்தார். "ஏன்டா வந்த? நாலு பேர் பட்ட பாடும் வீணாப் போச்சேடா!"

"பேசாம கால நீட்டு."

"ரெண்டு வருசமா பேசாமதான்டா இருக்கேன்!"

முதலில் சிரித்தது லட்சுமிதான். பிறகு ஊரே சிரித்தது. சேகர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்தக் காலையே தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின. ஏழுமலை கட்டையை அவன் கையில் திணித்தார். "போ. ஓடு. பாய் நின்னுக்கினு இருப்பாரு."

அவன் ஓடினான். கணக்கில் வராது என்று தெரிந்தும் அப்படி ஓடினான்.

இதெல்லாம் அடுத்த கோட்டில், குபேர லிங்கக் கோயிலருகே நின்ற ரஹீமுக்குத் தெரியாது. கட்டையை வாங்கிக்கொண்டு, ஒருவரை முந்தி, இரண்டாவதாகக் கோபுரத்தடியில் வந்து சேர்ந்தார். மாஸ்டர் அவர் தோளில் கை வைத்து, நீக்கம் என்றார். விதி விதிதான், தன் கிளப் என்பதால் மாற்ற முடியாது என்றும் சொன்னார். ரஹீம் பனியனைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"நான் உயிரக் குடுத்து ஓடியிருக்கேன், மாஸ்டர்! எதுக்கு அவுட்டு?"

நான் நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணன்னு கூப்பிட்டானா? நீங்களே கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சரி, வுடுங்க," என்று பனியனை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

கேடயம் ஐந்தாவது முறையாக வேலூருக்குப் போயிற்று. மதியம் இரண்டரைக்கு நான் பஸ் நிலையத்தில் இருந்தேன். சேகர் சைக்கிளை மிதித்து வர, கேரியரில் ஏழுமலை, கட்டுப் போட்ட காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு வந்திறங்கினார். லட்சுமி கொடுத்தனுப்பிய வேர்க்கடலை ஒரு துணிப்பை நிறைய.

மதராஸில் என்னோடு கடற்கரையில் ஓடுகிறவர்கள் ஏராளம். ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது. நான் விழுந்தால் சுற்றிக்கொண்டு போவார்கள், நானும் அப்படியே போவேன். கால் வலியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அதுதான் மனதில் ஓடியது. கீழே அண்ணனும் தம்பியும் என்னை எந்த வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும் என்று தொடங்கியிருந்தார்கள்.

"செஞ்சி வண்டியில கூட்டம் ஜாஸ்தி. வேலூர் வழியா அனுப்பியிருக்கணும்."

"வேலூரு சுத்துடா. உனக்கு இன்னா தெரியும்?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியும். மோட்டாரும் தெரியும், பஸ்ஸும் தெரியும்."

"மோட்டாரப் பத்திப் பேசாத!"

"பேசுவேன்!"

டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னல் வழியே கையை நீட்டி, வருகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். பஸ் நகர்ந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.