மழைக்கோட்டு முட்டைக்குள் போகாது

கால்வாயோரத்துக் கோழி முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு ரப்பர் மாதிரி இழுபடுகிறதாம். தரையில் போட்டால் பந்து போல எகிறுகிறதாம். தீவனத்தோடு பிளாஸ்டிக்கை அரைத்துப் போடுகிறார்களாம். திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி தையற்கடையில் வைத்து இதைச் சொன்னாள். அவள் கண்ணால் பார்க்கவில்லை. அவளுடைய ஓர்ப்படியோடு வேலை செய்பவள் பார்த்தாளாம். அந்தப் பார்த்தவளும் பார்த்தது முட்டையை அல்ல, யாரோ போனில் அனுப்பிய படத்தை.

தையற்காரி இதைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றும்போதே புருஷனிடம் கொட்டினாள். கொட்டிவிட்டுத் தானே சிரித்தாள். கால்வாயோரத்தில் கோழி வளர்ப்பவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. அவன் கோழிகள் என்ன தின்கின்றன என்று அவளுக்குத் தெரியாதா?

"உங்க லேப்ல முட்டையைத் தரையில அடிச்சுப் பாக்கறதுக்குன்னு ஒரு மெஷின் இருக்குமே, இல்லையா?" என்றாள்.

சமையலறை மேடையில் தம்பி கொடுத்தனுப்பிய முட்டைகள் ஒரு கிண்ணம் நிறைய இருந்தன. ஒற்றைச் செருப்போடே போய் அதில் ஒன்றை எடுத்துக் கையை ஓங்கினாள். "வாங்க, நாமளே பாத்துடலாம். எகிறிச்சுன்னா பக்கத்து வீட்டுப் பசங்களுக்குப் பந்து. எகிறலைன்னா துடைக்க வேண்டியது நீங்க."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவள் கையிலிருந்த முட்டையை வாங்கிக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தார்.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? விளையாட்டா, சமையலா?"

"முட்டை வேண்டாம்."

இந்த மாதிரிப் புரளிக்கெல்லாம் வீட்டில் முதல் ஆளாகச் சிரிக்கிறவர் அவர்தான். அரிசியில் பிளாஸ்டிக், தர்பூசணியில் ஊசி என்று எது வந்தாலும், "அவ்வளவு செலவு பண்ணி எவன் ஏமாத்துவான்?" என்று ஒரே வரியில் ஊதித் தள்ளிவிடுவார். அப்படிப்பட்டவர் முகத்தை இப்படி வைத்துக்கொண்டு நின்றதும், தையற்காரிக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

அவருக்குச் சந்தையில் 'பாட்டில்காரர்' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். உணவிலும் தண்ணீரிலும் மண்ணிலும் கலந்திருக்கும் ரசாயனங்களைத் தேடுகிற ஆய்வுக்கூடத்தில் மாதிரி சேகரிப்பது அவர் வேலை. சின்ன வயதில் கண்ணாடிக் குடுவை கழுவுகிற ஆளாக அங்கே சேர்ந்தார். குடுவையைத் தண்ணீரில் கழுவி, சாராயத்தில் அலசி, கவிழ்த்து வைத்துக் கவிழ்த்து வைத்தே விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது என்பார். போன் கூட அவர் விரலை அடையாளம் தெரியாமல் முழிக்கும். பிறகு ஐஸ் பெட்டியும் பாட்டில்களுமாக ஊர் சுற்றும் வேலை வந்தது. மீன்காரர்கள் அவரைக் கண்டால், "பாட்டில் வந்துட்டாருப்பா, நல்ல மீனா மேல எடுத்து வை" என்று சத்தம் கொடுப்பார்கள். அவரும் சளைக்காமல், "எனக்குக் கெட்ட மீன்தான் வேணும், அடியிலேர்ந்து எடு" என்பார்.

இரண்டு வருடமாக ஆய்வுக்கூடம் தேடிக்கொண்டிருப்பது வேறு ஒரு வகை. தண்ணீர் ஒட்டாமல், எண்ணெய் ஊறாமல் இருக்க வேண்டும் என்று மனிதன் கண்டுபிடித்த ரசாயனங்கள். மாவு ஒட்டாத தோசைக்கல்லிலிருந்து பொட்டலக் காகிதம் வரை எல்லாவற்றிலும் உண்டு. ஒருமுறை மண்ணுக்குள் போனால் மக்காது, கரையாது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்துவிடும். இதில் பெரிய தொல்லை, தேடப் போகிற ஆள் மேலேயே அது இருக்கும். அதனால் மாதிரி எடுக்கப் போகும் நாளில் பாட்டில்காரருக்கு ஆயிரம் தடை. முகத்துக்குக் கிரீம் கூடாது. கைக்குத் தைலம் கூடாது. புதுச் சட்டை கூடாது, பலமுறை வெளுத்த பருத்திச் சட்டைதான். அதையும் வாசனைத் திரவம் போடாமல் துவைக்க வேண்டும். குளிர் காலத்தில் கை வெடித்து ரத்தம் கசிந்தாலும் அப்படியேதான் போவார்.

"நாலு பேருக்குத் துணி தைக்கிறவ நான். என் புருஷன் மட்டும் கந்தலைப் போட்டுக்கிட்டு வெளிய போறார்" என்று தையற்காரி அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டாலும் அந்தச் சட்டைகளைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போடுவது அவள்தான்.

இத்தனை தடைகளில் முக்கியமானது மழைக்கோட்டு. மழையில் நனைந்து செத்தாலும் சரி, மழைக்கோட்டு போடக் கூடாது. அது தண்ணீரை ஓட விடுவதே இந்த ரசாயனத்தின் தயவில்தான்.

கால்வாயோரத்து வீடுகளில் மாதிரி எடுக்கத் திட்டம் போட்டபோது, சீட்டுக் குலுக்கியதில் மச்சினனின் கோழிப்பண்ணையும் வந்துவிட்டது. பாட்டில்காரர் நேரே ஆய்வுக்கூடத் தலைவியிடம் போய், "மேடம், அது என் மச்சினன் இடம். வேற ஆளை அனுப்புங்க" என்றார். மாதிரி எடுக்கிற இன்னொரு ஆள் இடுப்புப் பிடித்துப் படுத்திருந்தார். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "முட்டைக்கு மாமா மச்சான் தெரியாது. போயிட்டு வாங்க" என்றார்.

அவரும் போனார். பண்ணை என்றால் கூண்டு கூண்டாக அடைத்துவைத்த பண்ணை இல்லை. வேலி போட்ட பெரிய முற்றம். கோழிகள் பகலெல்லாம் மண்ணைக் கிளறிக்கொண்டு திரியும். மச்சினன் அதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்பான். "ஜெயில் கோழி இல்லீங்க, சுதந்திரக் கோழி." பலகையிலும் அப்படியே எழுதி வைத்திருந்தான். அந்த முற்றத்து மண் கறுப்பாக, பொதபொதவென்று இருக்கும். பல வருடங்களுக்கு முன்பு, எண்ணெய் ஊறாத பொட்டலக் காகிதம் செய்கிற ஆலை ஒன்று தன் ஈரக் கழிவை மண்ணுக்கு நல்ல உரம் என்று லாரி லாரியாகச் சும்மா கொடுத்தது. சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? அந்தப் பக்கத்தில் எல்லோருமே வாங்கிப் பரப்பினார்கள். புழு நன்றாகப் பெருகியது. கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

"மாமா, நம்ம முட்டைக்கு முதல் பரிசு குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மச்சினன் கூடவே நடந்தான். அவனுடைய பெண் குழந்தை அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. எலும்பும் தோலுமான குழந்தை. தினம் காலையில் ஒரு முட்டை ஊட்டியபிறகுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது என்று குழந்தையின் அம்மா வாசலிலிருந்து சொன்னாள்.

பாட்டில்காரர் முதலில் முட்டைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கி மூடினார். பிறகு கிணற்றுக்கு வந்தார். தண்ணீர் மாதிரியோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்தே கொண்டுபோன மிகச் சுத்தமான தண்ணீரை அந்த இடத்தில் வைத்துத் திறந்து, வேறொரு பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும். அதற்கு 'சும்மா பாட்டில்' என்று ஆட்களுக்குள் பெயர். அதில் எதுவும் இருக்கக் கூடாது. அதிலும் ஏதாவது இருந்தால், அது கிணற்றிலிருந்து வந்ததல்ல, எடுத்தவன் மேலிருந்து வந்தது என்று அர்த்தம்.

அவர் கிணற்றடியில் குனிந்திருக்கும்போதுதான் மழை பிடித்தது. சடசடவென்று கொட்டியது. ஒரு பாட்டில் திறந்திருக்கிறது, ஒன்று கையில் இருக்கிறது, நிமிர முடியாது. பின்னாலிருந்து மச்சினன் ஓடிவந்தான். "என்ன மாமா, இப்படியா நனைவீங்க? நாளைக்கு ஜுரம்னா எங்கக்கா என்னைத்தான் வெட்டுவா" என்று கொட்டகை ஆணியில் மாட்டியிருந்த தன் புது மழைக்கோட்டை எடுத்து அவர் தோளில் போர்த்திவிட்டான். சும்மா போர்த்தவில்லை. தலைமூடியை இழுத்துவிட்டு, முன்பக்கம் இரண்டு பொத்தானையும் போட்டான். சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி.

'எடுடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மழையில் நனைந்துகொண்டு தனக்குப் பொத்தான் போடுகிறவனைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கோட்டிலிருந்து வழிந்த நீர் மணிக்கட்டு வழியாக இறங்கியது. அவர் ஊற்றி முடித்து மூடினார்.

இன்று மதியம் மேடம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

"முட்டை ரொம்ப மோசம். இத்தனை வீட்டுல இதுதான் உச்சம். கிணறும் மோசம். ஆனா சும்மா பாட்டிலும் அழுக்கா இருக்கு. என்ன நடந்துச்சு?"

பாட்டில்காரர் மழையைச் சொன்னார், கோட்டைச் சொன்னார். பொத்தானைச் சொல்லவில்லை.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை போல இருந்திருக்கும். "கிணத்துத் தண்ணிய தூக்கிப் போட வேண்டியதுதான். முட்டை? கோட்டு போடறதுக்கு முன்னாடி எடுத்தீங்களா, அப்புறமா? பெட்டி மூடியிருந்துச்சா? அங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான். சந்தேகம்னு நீங்க சொன்னா, அந்த வீட்டையே இந்தச் சுத்துலேர்ந்து எடுத்துடுவேன். அடுத்த சுத்துல பாத்துக்கலாம். சந்தேகம் இல்லைன்னா நாளைக்கு விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போகும்."

அடுத்த சுற்று என்றால் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மண்ணை மாற்றலாம், கோழிகளை மாற்றலாம், ஒருவன் எப்படியாவது மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு சொல். 'ஞாபகமில்ல மேடம்' என்றால் போதும். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. பாட்டில்காரர் தன் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோழியும் கடிதமும் கண்ணில் வரவில்லை. தினம் காலையில் திறக்கிற ஒரு சின்ன வாய்தான் வந்தது.

"முன்னாடிதான் மேடம். பெட்டி மூடியிருந்தது. முட்டை முட்டையாத்தான் இங்க வந்துச்சு. மழைக்கோட்டு முட்டைக்குள்ள போகாது."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விக்காதேன்னு சொல்றது கடிதத்தோட வேலை. ஆனா வீட்டுல சாப்பிடாதீங்கன்னு சொல்றதுக்குக் கடிதம் வர வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அதை நீங்களே சொல்லிடுங்க. அதை மட்டும்."

இத்தனையையும் பாட்டில்காரர் சமையலறை மேடையில் சாய்ந்தபடி பெண்டாட்டியிடம் சொல்லி முடித்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தையற்காரி செருப்பு ஒன்றைக் கழற்றியும் ஒன்றைக் கழற்றாமலும் அப்படியே நின்றாள்.

"அப்போ அந்தத் திரைச்சீலைக்காரி சொன்னது நெசமா?"

"அது பொய். ரப்பரும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. பாக்க நல்ல முட்டைதான். சுதந்திரக் கோழிதான். சுதந்திரமா அந்த மண்ணைத் தின்னுது, அதுதான் பிரச்சினை. ஜெயில்ல இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்."

"என் தம்பி உங்களை நனைய விடக் கூடாதுன்னு கோட்டைப் போட்டான்."

"ஆமா."

"அந்தக் கோட்டைச் சொல்லியே அவனைக் காப்பாத்தியிருக்கலாம்."

"ஆமா."

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு உங்களுக்கு?" கழற்றாத செருப்பைக் கழற்றி மூலையில் ஓங்கி எறிந்தாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?"

"தெரியல. இதெல்லாம் இன்னிக்குத் தின்னு நாளைக்குப் படுக்கிற விஷம் இல்ல. மெல்ல மெல்லச் சேரும். எவ்வளவு சேர்ந்தா என்ன ஆகும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டேதான் இருக்காங்க. இப்பவே நிறுத்தினா இனிமே சேராது, உள்ள இருக்கறதும் வருஷக்கணக்குல மெல்லக் குறையும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள். மேடையிலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடை வரைக்கும் போனாள். அங்கே நின்றுவிட்டாள். தம்பி ஒவ்வொரு முட்டையையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் அக்காவுக்குக் கொடுத்தனுப்புவான். ஓட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. கிண்ணத்தை அப்படியே கொண்டுவந்து மேடையில் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாள்.

"போன் பண்ணுங்க. காலையில அவன் பொண்டாட்டி குழந்தைக்கு ஊட்டிடுவா."

பாட்டில்காரர் போனை எடுத்தார். தேய்ந்த விரலுக்கு அது திறக்கவில்லை. அவளே வாங்கித் திறந்து, தம்பியின் எண்ணைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி மேசை நடுவில் வைத்தாள். இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

மணி அடித்தது.

"முதல்ல என்ன சொல்லுவீங்க?"

"குழந்தைக்கு முட்டை குடுக்காதேன்னு."

"ஏன்னு கேப்பானே."

"கேப்பான்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் பரவிய ரப்பர் முட்டைக் கதை அவன் காதுக்கும் எட்டியிருக்குமோ, எட்டி, அக்கா புருஷன்தான் கிளப்பிவிட்டான் என்று யாராவது ஓதிவிட்டிருப்பார்களோ என்று பாட்டில்காரர் யோசித்தார். அவளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

"கோழி அடைக்கிற நேரம்" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "போனை எப்பவும் அந்தக் கோட்டுப் பாக்கெட்டுலதான் போட்டு வெப்பான். கொட்டகை ஆணியில தொங்கும். கேக்காது."

அவர் துண்டிக்கப் போகிறாரோ என்று அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கட் பண்ணாதீங்க" என்றாள். "அடிக்கட்டும்."