நிழல் விழக் காத்திருந்த மதியம்

"இங்க மட்டாஞ்சேரியில நாளைக்கு மழை வருமான்னு சொல்ல ஒருத்தனுக்கும் துப்பில்ல. நீ ஐஸ் கட்டிக்கு மழை சொல்லப் போறியா மோளே?"

எனக்கு வேலை கிடைத்த அன்று அத்தை கேட்டது இது. அவள் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. கொச்சியில் யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு பண்டகசாலை முற்றத்தில் இஞ்சி காயவைப்பது அவளுடைய வேலை. அன்று தை மாதத்தில் யாரும் நினைக்காத மழை கொட்டியிருந்தது. பாதி காய்ந்த இஞ்சியை வாரி உள்ளே போட்டுவிட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா அவளுக்குச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐஸ்ல மழை பெய்யாது அத்தே. பனிதான் பெய்யும்" என்றேன்.

"அப்ப வேலை இன்னும் லேசு. தினமும் பனின்னு எழுதி வெச்சிட்டு வீட்டுக்கு வந்துரு."

பஜாரில் மூட்டை சுமக்கும் அப்பா உட்படச் சிரிக்காதவர் யாருமில்லை. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு ஆபீஸுக்கும் வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து நானே கற்றுக்கொண்டேன். பிறகு இயற்பியல், அதன் பிறகு வானிலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கேட்பவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்வேன்.

நான் சேர்ந்தது அண்டார்க்டிகாவில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்துக்கு வானிலை அறிக்கை தயாரிக்கும் சிறிய பிரிவு. அந்த நிலையம் ஏறக்குறைய கொச்சிக்கு நேர் தெற்கே இருக்கிறது. நம் கடற்கரையிலிருந்து வளையாமல் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் இடையில் கரையே கிடையாது. அடுத்த கரை அந்தப் பனிதான். இங்கே உச்சி வெயில் அடிக்கும்போது அங்கேயும் உச்சிப்பொழுது. வரைபடத்தில் முதன்முதலில் அதைப் பார்த்தபோது, அது யாரோ ஒருவருடைய தொலைதூர நாடு என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. தெருவின் மறுகோடியில் இருப்பவர்களுக்கு வேலை செய்வதுபோல் இருந்தது.

அந்த வேலையின் பெருமை போகப் போகத்தான் புரிந்தது. அவ்வளவு பெரிய கண்டத்தில் காற்றை அளக்கும் கம்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கின்றன. மீதியைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்துச் சொல்ல வேண்டும். படத்திலோ கீழே இருப்பதும் வெள்ளை, மேலே வருவதும் வெள்ளை. எது தரையில் கிடக்கும் பனி, எது அதன் மேல் மிதக்கும் மேகம் என்று பிரித்துப் பார்க்கவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. எங்கள் பிரிவில் சிலர் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார்கள். அவர்கள் திரையைப் பார்ப்பதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், நல்ல தையற்காரர் துணியைத் தொடுவதைப் பார்ப்பதுபோல.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு 'ஊர்க்கணக்கு' என்று பெயர். அறிக்கை எழுதப்போகிறவர் முதலில் எல்லோரும் கேட்கும்படி, இதே படம் தன் சொந்த ஊருக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் பனிக்கு என்ன அர்த்தம் என்று சொல்லலாம். அங்கிருந்த எல்லோரும் வெயில் நாட்டில் பிறந்தவர்கள். கண் பழகிய ஊரை முதலில் வாயால் வெளியே தள்ளாவிட்டால் அது கைக்கு வந்து அறிக்கைக்குள் புகுந்துவிடும் என்பது அவர்கள் அனுபவம். ராஜஸ்தான்காரர் ஒருவர் எந்தப் படத்தைக் காட்டினாலும் "எங்க ஊர்ல இவ்வளவு மேகம் வந்தா ஊரே ஆடும்" என்பார். சிரிப்பு ஓய்ந்ததும் வேலை தொடங்கும்.

நான் சொல்ல வந்தது, என் இரண்டாவது தென்கோடிக் கோடையில் வந்த ஒரு நாளைப் பற்றி. அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை; தாழ்ந்து, வானத்தின் ஓரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி ஏறும்.

காலையில் நிலையத்திலிருந்து செய்தி வந்தது. சமையல்காரருக்குக் குடல்வால் அழற்சி. அங்கே இருக்கும் மருத்துவர் மருந்தால் தாக்குப்பிடிக்க வைத்திருக்கிறார். ஆனால் அறுவை சிகிச்சைக்குரிய ஆட்களும் வசதியும் வேறொரு நாட்டின் நிலையத்தில்தான் உண்டு. ஹெலிகாப்டரில் கொண்டுபோக வேண்டும். இன்றே கொண்டுபோக வேண்டும். எப்போது பறக்கலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

அந்தச் சமையல்காரரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருமுறை போனைக் கடாய்க்குப் பக்கத்தில் பிடித்து, கடுகு பொரியும் சத்தத்தை எனக்குக் கேட்க வைத்திருக்கிறார்.

அன்று மேசையில் நான்தான் இருந்தேன். என்னோடு எங்கள் பிரிவின் மூத்தவர். எல்லோருக்கும் அவர் சேட்டன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஊர்க்கணக்கு பற" என்றார். மலையாளத்தில் 'பற' என்றால் 'சொல்'.

படத்தைப் பார்த்தேன். காற்று இல்லை. பனி பெய்யவில்லை. வானம் முழுவதும் மெல்லிய மேகம், மெல்லிய வேட்டித் துணியை விரித்ததுபோல. அதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் தெளிந்த நீல வானம் வந்துகொண்டிருந்தது.

"மட்டாஞ்சேரியில இது ரொம்ப நல்ல நாள் சேட்டா. வெயில் சுடாது, காத்து அடிக்காது. பந்தல் போட்டுக் கல்யாணமே நடத்தலாம். நீல வானம் வந்துட்டா இன்னும் நல்லது, கவலையே இல்ல."

"சத்ய விளம்பிக் கழிஞ்ஞோ? இனி அவிடத்தே பற." கல்யாண விருந்தைப் பரிமாறி முடித்துவிட்டாயா, இனி அங்கே உள்ளதைச் சொல் என்றார்.

பனியில் அது நேர்மாறு. மெல்லிய மேகம் மேலே மூடிவிட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவாக வரும். எதற்கும் நிழல் விழாது. மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று விமானிக்குத் தெரியாது. அமைதியான, வெளிச்சமான அந்த வானத்தில் ஹெலிகாப்டர் பனியில் போய் மோதலாம். சரி, நீல வானம் வரட்டும் என்று இருந்தால் அடுத்த ஆபத்து. கண்டத்தின் உள்ளே, உயரமான பனிமேட்டில் கிடக்கும் குளிர்ந்த காற்று கனமானது. வானம் தெளிந்து சூரியன் தாழ்ந்தால் அது இன்னும் குளிர்ந்து, சரிவில் தண்ணீர்போல் கீழே இறங்கும். தரைப்பனியை வாரிக்கொண்டு வரும். தலைக்கு மேலே நீல வானம், இடுப்பளவுக்குப் புயல். கொச்சியில் பிறந்த யாருக்கும் இதைச் சொன்னால் நம்ப மனம் வராது.

ஆகவே மேகம் விலகிய பிறகு, காற்று இறங்குவதற்கு முன், நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அது எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதுதான் கேள்வி.

"நீ எழுது. தப்பா இருந்தா நான் தடுக்கிறேன்" என்றார் சேட்டன்.

நிலையத்தில் வானிலை பார்ப்பவர் நாகர்கோவில்காரர். நான் அவரை அண்ணே என்பேன். போனில் கேட்டேன்:

"அண்ணே, வெளியே போய் நின்னா உங்க நிழல் தெரியுதா?"

"நிழலா? அது என்னை விட்டுட்டு ஊருக்குப் போயிருச்சும்மா. நட்டு வெச்ச கொடிக்கம்பத்துக்கும் இல்ல."

"சமையல்காரர் எப்படி இருக்கார்?"

"படுத்துக்கிட்டே வையறார். பருப்புல உப்பு போட்டது யாருன்னு கேட்டு. பேசறவரைக்கும் நல்லதுன்னு டாக்டர் சொல்றார்."

மேகத்தின் ஓரம் நகரும் வேகத்தைப் படத்துக்குப் படம் அளந்தேன். மேட்டில் ஆளில்லாமல் நிற்கும் தானியங்கிக் கம்பத்தைக் கவனித்தேன். கீழே வரப்போகும் காற்று முதலில் அங்கேதான் தெரியும். மதிய உணவுக்குப் பிறகு சற்று நேரத்தில் நிழல் வரும், சூரியன் தாழத் தொடங்கும்போது காற்று இறங்கும் என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நிழல் வந்ததும் கிளம்புங்கள், வானம் முழுதும் தெளியட்டும் என்று நிற்க வேண்டாம், போன ஹெலிகாப்டர் இன்றே திரும்ப வேண்டாம். சேட்டன் படித்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினார்.

அதன் பிறகு அண்ணன் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். ஒவ்வொரு முறையும் அடுக்கடுக்காக உடை மாட்டி, கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொடிக்கம்பங்கள் வரை நடந்து, தரையைப் பார்த்துவிட்டு வந்து, கையுறையைக் கழற்றி எனக்கு "இல்ல" என்று சொல்வார். மறுபடி போவார். மறுபடி "இல்ல." ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து மேலே அனுப்பிய செயற்கைக்கோள் ஒரு பக்கம். ஒரு மனிதர் வெளியே போய்த் தன் காலடியைப் பார்ப்பது இன்னொரு பக்கம். இரண்டும் இல்லாமல் அறிக்கை இல்லை.

நான் சொன்ன நேரம் வந்தது. நிழல் வரவில்லை. சேட்டன் எனக்குச் சாயா வாங்கி வந்து வைத்தார். 'ஒருத்தனுக்கும் துப்பில்ல' என்ற அத்தையின் குரல் எனக்குள் கேட்டது. மேட்டுக் கம்பத்தில் காற்று இன்னும் எழவில்லை. ஆனால் இடைவெளி சுருங்கிக்கொண்டிருந்தது. சாயா ஆடை கட்டியது.

போன் வந்தது.

"என் நிழல்ல தலை மட்டும் மங்கலா தெரியுதும்மா. இரு... தோளும் வந்துருச்சு. கம்பத்துக்கும் கோடு விழுந்திருக்கு."

"கிளம்பச் சொல்லுங்கண்ணே."

விமானி தன் கண்ணாலும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். சமையல்காரர் அந்த வேற்று நாட்டு நிலையத்தில் இறங்கினார் என்ற செய்தி வந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, மேட்டுக் கம்பத்தில் காற்று ஏறத் தொடங்கியது. பிறகு எங்கள் நிலையத்தையே பனித்தூள் மூடியது. ஹெலிகாப்டர் அங்கேயே தங்கியது. மறுநாள், அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

சேட்டன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நன்னாயிட்டு எழுதி." நன்றாக எழுதினாய் என்று அர்த்தம். அவர் அப்படி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை இஞ்சி வாசம் வீசும் கையைத் தாடையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த நாகர்கோவில்காரன் எத்தனை தடவை வெளிய போனான்?"

"எண்ணல அத்தே."

"அவனுக்கு யாராவது சாயா போட்டுக் கொடுத்தாங்களா? சமையல்காரந்தான் படுத்துட்டானே."

எனக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. பிறகு அவரிடமே கேட்டேன். டாக்டர் போட்டுக் கொடுத்தாராம், சகிக்கவில்லையாம்.

அடுத்த கோடைக்கு அண்ணன் ஊர் திரும்புகிறார். அவர் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்த அன்றே என் பெயரைக் கொடுத்துவிட்டேன். போகிறவர்கள் உடம்பில் அங்கே போய்த் தொல்லை கொடுக்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. எனக்குக் கடைவாயில் ஒரு ஞானப்பல் கோணலாக முளைத்து, நினைத்தால் வலிக்கும், நினைத்தால் விடும். போன வாரம் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வீங்கிய கன்னத்தைப் பார்த்து அம்மா பயந்தாள். அத்தை எதிர் வீட்டில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி என் கன்னத்தில் அழுத்திக்கொண்டே திட்டினாள்.

"இன்னும் உன்னை எடுக்கவே இல்ல. அதுக்குள்ள பல்லை ஏன்டி புடுங்கின?"

"அங்க போய் வலிச்சா, எனக்காக ஒருத்தர் வெளிய போய் நிழல் பாக்கணும் அத்தே."

அவள் ஐஸை மறு பக்கம் திருப்பி வைத்தாள். மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பல் இப்போதே இல்லை.