தலையிலை தாங்கி வைச்ச வண்டி

கிட்ட வந்து இருங்கோ, என்ரை குரல் கொஞ்சம் மந்தம். வண்டியின்ரை ஆட்டத்தைக் குறைக்கிறது என்ரை தொழில். எந்த வண்டியும் தான் ஏன் ஆடுது எண்டு வாய் திறந்து சொல்லாது. வண்டிக்காரர் சொல்லுற காரணம் பத்துக்கு ஒன்பது பிழையாய்த்தான் இருக்கும். கலியாண வீட்டுக்கு வான் பிடிச்சு, பின் சீற்றிலை இருந்து, புதுச் சீலையோடை, சத்தி எடுக்கச் சொப்பிங் பையைத் தேடின ஆக்களுக்கு நான் சொல்லுறது சட்டெண்டு விளங்கும். மற்ற ஆக்கள் குடுத்து வைச்சவை. அவையும் கேளுங்கோ.

வீடு ஒண்டு றோட்டாலை வந்தது

என்ரை கராச் அச்சுவேலியிலையிருந்து வல்லைவெளிக்குப் போற றோட்டுக்கரையிலை. ஒருநாள் காலமை பழைய பஸ் ஒண்டு வந்து நிண்டுது. பஸ் எண்டு சொல்லக்கூடாது, வீடு. யன்னலுக்குப் பூப்போட்ட சீலை, வாசலிலை மாவிலை, உள்ளுக்குக் கட்டில், குசினி, முதிரைப் பலகையிலை அலுமாரி. மேலை, கூரையிலை, இரும்புக் கால் நாலு அடிச்சு, கறுப்புத் தண்ணித் தாங்கி ஒண்டு. இறங்கின மனுசனுக்குப் பேர் மகேசன். தொண்டைமானாற்று ஆள். கனடாவிலை இருபத்தெட்டு வருசம் பாண் சுடுற பக்டரியிலை நிண்டிட்டு, மனுசியோடை ஊருக்குத் திரும்பி வந்தவர். மனுசிக்குப் பேர் பவளம்.

பவளத்துக்கு ஒரு நேத்தி இருந்தது. மகளின்ரை பிள்ளைப்பேறு சுகமாய் முடிஞ்சால், சந்நிதி முருகன் கோயிலிலையிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டத்தோடை வாறதெண்டு முருகனுக்குச் சொல்லியிருந்தவ. பிள்ளை பிறந்து ரெண்டு வருசமாகுது. பவளத்தின்ரை முழங்கால்தான் ஒத்துக்கொள்ளேல்லை. அதுக்குத்தான் மகேசன் இந்த வீட்டைக் கட்டினவர். நடக்கிற ஆக்களுக்கு முன்னாலை போய், அடுத்த கோயிலடியிலை நிண்டு, கஞ்சி காய்ச்சிக் குடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்ளுவார் எண்டு ஐயர் சொல்லிப்போட்டாராம். எல்லாம் சரி, வண்டி ஆடுற ஆட்டத்திலை பவளத்துக்குத் தலைச்சுத்து. கூட்டம் வெளிக்கிட மூண்டு கிழமைதான் கிடந்தது. இந்த வருசமும் தப்பினால் இனி எப்ப?

என்னட்டைத் தினமும் தேத்தண்ணி குடிக்க வாற தம்பிராசா அப்ப வாசல் வாங்கிலை குந்தியிருந்தவன். முப்பது வருசம் பஸ் ஓடி ஓய்ஞ்சவன். அவன் வண்டியைச் சுத்தி ஒருக்கால் நடந்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "மச்சான், உது வண்டியோ தேரோ? வடம் பிடிக்கிற ஆக்கள் எங்கை?"

சோழகத்துக்குள்ளை முதல் ஓட்டம்

ஆட்டம் பார்க்க வேணுமெண்டால் வல்லைவெளிக்குத்தான் போக வேணும். மரமில்லை, மதிலில்லை. சோழகக் காத்து பக்கவாட்டிலை வந்து அறையும். சைக்கிளிலை போற ஆக்கள் சரிஞ்சபடிதான் போவினம். மகேசன் வண்டி ஓட, நான் பக்கத்திலை, பவளம் பின்னுக்குக் கட்டிலிலை. பாலம் வரமுதலே வண்டி இந்தக் கரைக்கு ஒருக்கால், அந்தக் கரைக்கு ஒருக்கால் எண்டு கோயில் காவடி மாதிரி ஆடத் தொடங்கிற்று. அலுமாரிக் கதவு திறந்து கோப்பையள் விழுந்து உருண்டுது.

நிப்பாட்டச் சொல்லிப் பின்னுக்குப் பார்த்தால், பவளம் கட்டிலைப் பிடிச்சபடி கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறா. இறங்கி றோட்டுக்கரையிலை சத்தி எடுத்துப்போட்டு, வாய் கழுவி, சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சா. மகேசன் பாவம், தண்ணிப் போத்திலோடை பக்கத்திலை நிண்டார். "கதிர்காமத்துக்கு இப்பிடிப் போகேலுமோ தங்கச்சி?" எண்டு கேட்டன். பவளம் சிரிச்சா. "காலமை திண்டது முழுக்க வெளியிலை வந்திட்டுது அண்ணை. உள்ளுக்கை இப்ப முருகன் மட்டும்தான் இருக்கிறார்."

நான் விட்ட பிழை

இதை மறைக்கப்படாது. ஆடுது எண்டவுடனை நான் பார்த்தது கீழைதான். பின் சில்லுக்கு மேலை இருக்கிற வில்லுத்தகடு சோர்ந்து கிடந்தது. பாரம் கூடிப் போச்சு, தகடு தாங்கேல்லை எண்டு முடிவுகட்டி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு கூடப் போட்டன். ரெண்டு நாள் வேலை. வண்டி நாலு விரல்க்கடை உயர்ந்து, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிண்டுது. எனக்கும் பெருமைதான்.

வல்லைவெளிக்குக் கொண்டுபோனால் முந்தியிலும் மோசம்! உயரம் கூடினால் ஆட்டமும் கூடும் எண்டது எனக்குத் தெரியாததில்லை. ஐம்பது வருசமாய்ச் செய்யிற வேலை, கை தன்ரை பாட்டிலை செய்து முடிச்சிட்டுது. பவளம் அண்டைக்கு இறங்கி, றோட்டுக்கரையிலை தலையைப் பிடிச்சபடி இருந்திட்டா. அது எனக்கு இன்னும் குத்திச்சுது. தம்பிராசா விடுவானோ? "ஆடுற கதிரையெண்டு குடுத்தவைக்கு, காலை நீட்டிக் குடுத்திருக்கிறாய் மச்சான்."

அக்கினி மூலை

அடுத்த நாள் வண்டியைச் சமதரையிலை விட்டு, பின்னாலை போய்க் குனிஞ்சு பார்த்தன். வலப்பக்கம் சரிஞ்சு நிண்டுது. உள்ளுக்கு ஏறிப் பார்த்தால் விசயம் அங்கை கிடக்குது. பின்னுக்கு, வலக்கை மூலையிலை குசினி. காஸ் சிலிண்டர் ரெண்டு, அரிசி மூட்டை, கஞ்சி காய்ச்சிற அண்டா, போதாக்குறைக்கு ஆட்டுக்கல் ஒண்டு. "ஆட்டுக்கல்லை ஏத்திப்போட்டு ஆடுது எண்டால் அது என்ன செய்யும்?" எண்டு தம்பிராசா வெளியிலையிருந்து கத்தினான். பின்னுக்கு அவ்வளவு பாரம் கிடந்தால் முன் சில்லு நிலத்திலை ஊண்டாது. ஸ்ரியறிங் பிடிக்கிறவர் ஒண்டு நினைக்க வண்டி வேறொண்டு நினைக்கும்.

எல்லாத்தையும் நடுவுக்குக் கொண்டு வாங்கோ எண்டு சொன்னதுதான் தாமதம், மகேசன் துள்ளி எழும்பினார். "அண்ணை, அது ஏலாது. வீடெண்டால் அடுப்பு அக்கினி மூலையிலைதான். சாத்திரியாரைக் கூட்டிவந்து, கயிறு பிடிச்சு, தென்கிழக்கு மூலை பார்த்து வைச்சது." கட்டின நேரம் வீட்டு வளவுக்குள்ளை வண்டி வடக்குப் பார்த்து நிண்டதாம். சாத்திரத்தோடை கதைக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை.

பவளம் வாசல்படியிலை இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தவ. கையை நிப்பாட்டாமலே சொன்னா: "கதிர்காமம் தெற்கிலை கிடக்குது. வண்டி தெற்குப் பார்த்து ஓடேக்கை உங்கடை அக்கினி மூலை வாயு மூலையாய்ப் போயிடும். பறவாயில்லை, காஸ் அடுப்புத்தானே!"

ஆரோ மேலை நடக்கினம்

சாமான் எல்லாம் நடுவுக்கு வந்தது. பாரமானது கீழை, பாரமில்லாதது மேலை. நான் போட்ட தகடுகளை நானே வெக்கத்தோடை கழட்டினன். சில்லுக்குச் சில்லு குலுக்கத்தை அமத்திற, எண்ணெய் ஒழுகின சொக்கப்சோர் நாலையும் மாத்தினன். உடைஞ்ச பஸ் ஒண்டிலையிருந்து, வண்டி ஒருபக்கம் சரிய விடாமல் ரெண்டு சில்லையும் பிணைச்சுப் பிடிக்கிற குறுக்குக் கம்பியைக் கொண்டுவந்து பூட்டி, புது றப்பரும் போட்டன். ரயருக்குக் காத்தும் அளவாய் அடிச்சன். ஆட்டம் பாதியாய்க் குறைஞ்சுது. ஆனால் பாதி ஆட்டத்துக்கும் பவளத்துக்குத் தலை சுத்தும். கூட்டம் வெளிக்கிட எட்டு நாள்.

வல்லைவெளியிலை வண்டியை நிப்பாட்டி எல்லாரும் இறங்கினம். பவளம் மட்டும் இறங்கேல்லை. "ஒருத்தரும் ஏறாதையுங்கோ" எண்டா. கண்ணை மூடிக்கொண்டு கட்டிலிலை இருந்தா. பிறகு யன்னலாலை தலையை நீட்டி, "அண்ணை, வண்டி நிண்டிட்டுது. ஆனால் இன்னும் ஆடுது. மேலை ஆரோ இங்கையும் அங்கையும் நடக்கினம்" எண்டா. நான் உள்ளுக்கு ஏறி, காதைக் கூரையிலை வைச்சன். சளக்... சளக்... தாங்கிக்குள்ளை பாதித் தண்ணி. வண்டி நிண்டாலும் அது நிக்கேல்லை.

இனி நீங்கள் என்னைப் பேசுவியள். அவ்வளவு பெரிய தாங்கி உச்சியிலை நிக்கிறது ரெண்டு கிழமையாய் என்ரை கண்ணிலை படேல்லையோ எண்டு. பட்டது! தம்பிராசாவின்ரை கண்ணிலையும் பட்டது. எங்கடை ஊரிலை தாங்கியில்லாத வீட்டுக்கூரை எது? அது அங்கை இருக்கவேண்டிய சாமான் எண்டு எங்கடை கண் ஒத்துக்கொண்டிட்டுது. மகேசன் அப்பவும் விடேல்லை. "தாங்கி மேலை இருந்தால்தானே அண்ணை பைப்பிலை தண்ணி வரும்?" எண்டார். பவளம் படியாலை மெல்ல இறங்கி வந்து சொன்னா: "தலையிலை நிறைகுடத்தோடை ஓடச் சொன்னால் நானும்தான் ஆடுவன். இறக்கி இடுப்பிலை வையுங்கோவன்."

மிச்ச ஆட்டம்

இடுப்பிலைதான் வைச்சம். தட்டையாய் ஒரு தாங்கி செய்விச்சு, தண்ணி ஓடித் திரியாமல் உள்ளுக்கு மூண்டு தடுப்பு வைச்சு, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவிலை, தரைப்பலகைக்குக் கீழை பூட்டினம். தண்ணி ஏத்த ஒரு சின்ன மோட்டர். அண்டைக்குத் தம்பிராசா வண்டி ஓடினான். சோழகம் அறைஞ்சுது. வண்டி ஒருக்கால் தோளைக் குலுக்கிப்போட்டுத் தன்ரை பாட்டிலை போச்சு. பவளம் பின்னுக்கிருந்து மகளோடை போனிலை கதைச்சுக்கொண்டே வந்தா. எனக்குக் கண் கலங்கிற்று, தூசி எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

திரும்பி வரேக்கை மகேசன் வண்டித் திறப்பை வாங்கி, தானே ஸ்ராட் பண்ணினார். பாலத்தடியிலை பழைய ஆட்டம்! என்ரை கம்பியிலை பிழையோ எண்டு நான் பதறிப்போனன். பிறகுதான் அவரின்ரை கையைப் பார்த்தன். கை ஸ்ரியறிங்கிலை மாவரைக்குது. காத்து அடிக்கமுதலே வெட்டுறார், அடிச்சாப் பிறகு திருப்பி வெட்டுறார். அதோடை கனடாவிலை மற்றப் பக்கத்திலை இருந்து ஓடின பழக்கம், வண்டி இடப்பக்கம் ஒதுங்க ஒதுங்க இழுத்து நடுவுக்குக் கொண்டு வாறார். பவளம் போனை வைச்சிட்டுக் கண்ணை மூடினா. அந்த மனுசன் ஆசையாய் ஆசையாய், மனுசிக்கெண்டு தன்ரை கையாலை ஆணி அடிச்சுக் கட்டின வண்டி. நீர் ஓடாதையும் எண்டு எந்த வாயாலை சொல்லுறது? தம்பிராசா மட்டும் பக்குவமாய்ச் சொல்லிப் பார்த்தான்: "தம்பி, காத்தோடை சண்டை பிடியாதையும். அது உம்மிலை கோவத்திலை அடிக்கேல்லை."

சந்நிதி வாசல்

வெளிக்கிடுற அண்டு காலமை நானும் சந்நிதிக்குப் போனன். காவித் துண்டும் தோள்ப்பையுமாய்ச் சனம். பொம்பிளையள்தான் கூட. வண்டி ஆத்தங்கரையிலை நிக்குது. மகேசன் குளிச்சுத் திருநீறு பூசி, ஸ்ரியறிங்குக்கு முன்னாலை ஏறி இருந்திட்டார். ஸ்ரியறிங்குக்கும் சந்தனம் வைச்சிருந்தார். நானும் தம்பிராசாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். இந்தக் கை ஓடினால் பவளம் முல்லைத்தீவைக்கூடக் காணமாட்டா, இறங்கித் திரும்பிவிடுவா. தெரிஞ்சும் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை.

பவளம் வண்டியடிக்கு வந்தா. "ஒருக்கால் இறங்குங்கோப்பா." அவர் இறங்கினார். கையிலை ஒரு காவி வேட்டியைக் குடுத்தா. "இது ஏன்?" "கட்டத்தான். நேத்தி வைக்கேக்கை நான் சந்நிதியானிட்டை என்ன சொன்னனான் தெரியுமோ? நடந்து வருவன் எண்டு சொல்லேல்லை. வருவம் எண்டு, ரெண்டு பேரையும் சேர்த்துச் சொன்னனான். என்ரை பங்குக்கு முழங்கால் விடேல்லை. உங்கடை பங்கு கிடக்குதெல்லோ?"

மகேசன் வேட்டியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வண்டி?" எண்டார். அந்த நேரம் பார்த்தால் தம்பிராசாவின்ரை பை எப்பவோ வண்டிக்குள்ளை ஏறியிருக்குது. கள்ளன், எனக்கு ஒரு வசனம் சொல்லேல்லை. சனம் அரோகரா போட்டுது. நேத்தி எண்டு சொன்னாப் பிறகு எந்த மனுசன் மாட்டன் எண்பான்? மகேசன் சப்பாத்தைக் கழட்டினார். கழட்டேக்கை அவரின்ரை முகத்திலை கோவமில்லை, சின்னப் பிள்ளையின்ரை பயம்தான் கிடந்தது. பவளம் கிட்டப் போய், எனக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னா: "நீங்கள் கட்டின வீட்டிலைதானப்பா நான் போறன். பின்னேரம் கஞ்சியோடை நிப்பன், பிந்தாமல் வந்து சேருங்கோ."

வண்டி ஆட்டத்துக்கு நான் தகடு, றப்பர், கம்பி எண்டு மூண்டு கிழமையாய்க் கீழை படுத்துக் கிடக்க, பவளம் வருவனை வருவமாக்கின ஒரேயொரு எழுத்தாலை மிச்ச ஆட்டத்தை நிப்பாட்டி, மகேசன்ரை மடியிலையிருந்த திறப்பை எடுத்துத் தம்பிராசாவிட்டை நீட்டினா.