தண்ணீர் குடிக்காத துணி

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புப் பிரிவுக்குச் சின்னவன்தான் தூண். வீட்டில் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவனை விடவில்லை. அவன் உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டுபிடிப்பவர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். மடிப்பதற்கு முன் விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். கொஞ்சம் உறுத்தினாலும் மறுபடி எந்திரத்துக்கு அனுப்பிவிடுவான். மேலாளரே அந்தப் பக்கம் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டுதான் துணியைத் தொடுவார்.

அப்படிப்பட்டவன் பாப்பா பிறந்த பிறகு நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தான்.

பாப்பாவுக்குக் கடை டயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை. தொடையிடுக்கு முழுவதும் சிவந்து தடித்துவிட்டது. இன்னொரு காரணமும் இருந்தது. அவன் மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். தெருமுனைத் தொட்டியிலிருந்து நாய்கள் இழுத்துப் போட்ட டயப்பர்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். அதில் நம் வீட்டுடையது எதுவோ என்று அவளுக்குக் கூச்சமாக இருக்கும். மண்ணோடு மண்ணாக மக்கிப் போகும் என்று இலைப் படம் போட்டு விற்பதையும் வாங்கிப் பார்த்தார்கள். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவள்தான் மெனக்கெட்டு வாசித்தாள்.

"இது மக்குறதுக்குன்னு தனியா ஒரு இடம் வேணுமாம். நமக்கே கால நீட்ட இடமில்ல, இதுக்கு எங்க போறது?" என்றாள்.

கடைசியில் துணி என்று முடிவானது. பருத்தியைப் பல மடிப்பாகத் தைத்து, ஓரத்தில் பொத்தான் வைத்தவை. துவைப்பது என் பாடு என்று சின்னவன் வாயைக் கொடுத்தான். பிள்ளை பெற்ற உடம்பு அவளுக்கு. தவிர, துணி துவைக்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

வேலை விட்டு வந்ததும் வாளியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அலசுவான், ஊறப்போடுவான், கசக்குவான், மறுபடி அலசுவான். கடைசித் தண்ணீரில் சாஃப்ட்னர் ஊற்றுவான். ஓட்டல் விரிப்புகளைப் பூப்போல ஆக்கும் அதே திரவம். யார் யாரோ படுத்துப் போகும் விரிப்புக்கே தாராளமாக ஊற்றுகிறவன், சொந்தப் பிள்ளைக்குக் கஞ்சத்தனம் பண்ணுவானா?

துணிகள் வெண்ணெய் மாதிரி இருந்தன. ஆனால் ஒழுகின.

பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டவர் கீழ்வீட்டு அக்கா. அவரிடம் இன்னும் இரண்டு குழந்தைகள் இருந்தன. முதலில் அவர் மெத்தை நனைந்தது, பிறகு மடி நனைந்தது, அப்புறம் இரண்டும் சேர்ந்து நனைந்தன. ஆரம்பத்தில் சிரித்தவர், போகப் போக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு திங்கட்கிழமை காலையில் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கு. எத்தன தடவ மெத்தையத் தூக்கிட்டு மாடிக்கு ஓடுறது? இந்த வாரம் பாக்குறேன். அப்புறமும் இப்படின்னா, கடையில விக்கிறத மாட்டிக் கூட்டிட்டு வா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோ."

வேறு ஆள் கிடையாது. சொந்தபந்தமெல்லாம் தொலைவில். மனைவி வேலையை விட்டால் குடும்பம் ஒற்றைச் சம்பளத்தில் நொண்டும். கடை டயப்பரை மாட்டினால் இப்போதுதான் ஆறிவரும் தோல் மறுபடி வெந்துவிடும். அவன் வந்து சொன்னதை மனைவி கேட்டுக்கொண்டாள். பாப்பாவின் தொடையில் களிம்பு தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இன்னும் நன்றாகத் துவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். சாஃப்ட்னரை இன்னொரு மூடி கூட்டினான்.

மறுநாள் சலவைக்கூடத்தில் தேநீர் குடிக்கும்போது கண் சொக்கி, கோப்பையைச் சாய்த்துவிட்டான். கைக்குக் கிடைத்த பழைய தலையணை உறையால் துடைத்தான். தேநீர் துணிக்குள் இறங்கவே இல்லை. மேசையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துவாலைப் பிரிவு. அங்கிருந்து தேநீருக்கு வந்திருந்த கூட்டாளி வேடிக்கை பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துவாலையை எறிந்தான். ஒரே இழுப்பில் மேசை காய்ந்தது.

"நீங்க சாஃப்ட்னர ஊத்தி எதையும் மெத்து மெத்துன்னு ஆக்கித்தான விடுவீங்க. அது எப்படித் தண்ணி குடிக்கும்? நாங்க துவாலைக்கு அந்தச் சனியன ஊத்துறதே இல்ல" என்றான்.

சின்னவன் ஈரத் துவாலையைப் பிடித்தபடி நின்றான். இத்தனை வருஷத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எதை ஊற்றுகிறார்கள், எதை ஊற்றுவதில்லை என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. விரிப்பு அவனுடையது, துவாலை அவர்களுடையது. விரிப்பு எதையும் உறிஞ்ச வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத் துணிகளையும் கொதிக்கும் நீரில் போட்டான். வழவழப்பு போகும்வரை திரும்பத் திரும்ப அலசினான். தோள்பட்டை விட்டுப்போனது. காய்ந்து வந்த துணிகள் அட்டை மாதிரி விறைத்து நின்றன. ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். கீறியது. ஓட்டலில் இப்படி ஒரு துணியை அவன் கையால் வெளியே விட்டதே கிடையாது. தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் கசக்கிக் கசக்கி இளக்க ஆரம்பித்தான்.

"பாப்பாவுக்கு ஓட்டல் மெத்தை ஒண்ணும் வேணாம். காஞ்ச துணியா இருந்தாப் போதும். நீங்க போய்ப் படுங்க" என்றாள் மனைவி.

மிச்சமிருந்ததையும் கசக்கிவிட்டுத்தான் படுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டும்போது, எது வந்தாலும் கேட்டுக்கொள்வோம் என்றுதான் நின்றான். அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் மின்விசிறி சத்தத்தைப் பற்றிக் குறைப்பட்டார். பிறகு பாப்பா கஞ்சியைத் துப்பியதைச் சொன்னார். மெத்தையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. கடைசியில் அவனே கேட்டான்.

"அதுவா? நேத்துலருந்து காஞ்சுதான் கெடக்கு. என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலக்கா. பண்ணிட்டிருந்தத நிறுத்திட்டேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரமே கொண்டுவந்து விடச் சொன்னார். பாப்பாவை அவன் தோளுக்கு மாற்றிவிட்டு, ஈரத்துணிப் பையையும் கையில் கொடுத்தார். பை என்றைக்கும் இல்லாத கனம் கனத்தது. மெத்தைக்குப் போயிருக்க வேண்டியதெல்லாம் இப்போது அதற்குள் இருந்தது. அவ்வளவையும் அவன்தான் துவைத்தாக வேண்டும். முதல் படியிலேயே பையைக் கீழே வைத்து, கை மாற்றிக்கொண்டு ஏறினான்.