பூஞ்சணம் பிடித்த பிளாப்பி

கணினியைப் புதுப்பிக்கிறேன் என்று யாராவது சட்டைக் கையை மடித்தால், நாற்பதை நெருங்கும் இந்த வயதிலும் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஏழாம் ஆண்டு படிக்கையில் தொற்றிய குணம் இது.

அப்பா தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். தோட்டத்தில் இருந்த கணினிகள் மொத்தம் இரண்டு. ஒன்று ஆபீசில், மற்றது எங்கள் குவாட்டர்ஸில்.

ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க வந்த சனத்தின் முன்னால் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு காகிதத்தை ஆட்டி ஆட்டிக் கத்தினாராம். தொழிலாளர் லயத்துக் கூரைக்கு வந்த தகரம் துரை பங்களா மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டதென்று யாரோ கொழும்புக்கு மொட்டைப் பெட்டிசம் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அடித்த பெட்டிசம். அடித்தவன் வேலையோடு வீட்டையும் காலி பண்ண வேண்டியதுதான் என்றாராம். அன்று அம்மா குழம்பில் உப்புப் போட மறந்தாள். எனக்கு அந்த உப்பு ஒன்றுதான் குறையாகப் பட்டது.

ஞாயிறு காலை அட்டனிலிருந்து மாமா வந்திறங்கினார். அம்மாவின் தம்பி. எங்கள் ரேடியோவைத் திருத்த எடுத்துப்போய், சைக்கிள் பம்போடு திரும்பி வந்தவர்.

"வைரஸ்டா மருமகனே. விண்டோஸ் தொண்ணூத்தெட்ட வழிச்சி எறிஞ்சிட்டு எக்ஸ்பி போடணும்."

முதல் நாள்வரை நன்றாக ஓடிய கணினிக்கு எப்போது காய்ச்சல் வந்தது? மாமாவைக் கண்டாலே பத்திரிகைக்குள் முகத்தைப் புதைக்கும் அப்பா, தன் கையாலேயே அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா பட்டப்பகலில் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"பழசு ஒண்ணும் மிஞ்சாதுல்ல மாப்ள?" என்றார் அப்பா.

"சாம்பல்கூட மிஞ்சாது மச்சான்."

என் பஸ்? மூன்று வாரமாக, ஜன்னல் ஜன்னலாக நான் கணினியில் வரைந்து வைத்திருந்த டயகம பஸ்? மூவரும் குசினிக்குள் போய்க் குசுகுசுத்த நேரத்தில், அது இருந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பிளாப்பியில் ஏற்றினேன். அப்பாவின் கடிதங்களும் அதற்குள்தான் கிடந்தன. கிடக்கட்டும் என்று விட்டேன்.

மாமா பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வந்த எக்ஸ்பி எண்ணைத் தட்டினார். நீலத் திரையில் மஞ்சள் கோடு ஊர்ந்தது. கடைசியில் பச்சை மலையொன்று தோன்றியது. ஒரு தேயிலைச் செடிகூட இல்லாத மலை. எனக்கு அதன் மேலும் சந்தேகம்தான்.

செவ்வாய்க்கிழமை, அப்பா ஆபீசிலும் அம்மா கடையிலும் இருந்த நேரம் பெரிய கிளாக்கர் வந்தார். துரையின் காதும் கண்ணும் அவர்தான் என்று அப்பாவே சொல்லுவார்.

"தொரை பாத்துட்டு வரச் சொன்னாரு தம்பி. என்னடா, எல்லாம் புதுசா இருக்கு?"

எனக்குக் கிடைத்த முதல் நீதிபதி. "மாமா எல்லாத்தையும் அழிச்சிட்டாருங்கய்யா! ஆனா நான் பிளாப்பில எடுத்து வச்சிட்டேன்."

அவர் வாசல் பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். "குடு, பாத்துட்டுத் தர்றேன். யார்கிட்டயும் சொல்லாத, உங்கப்பாகிட்டயும்."

வியாழக்கிழமை, பள்ளிக்கூடப் பாதையில் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணுமில்லடா இதுல. பூஞ்சணம் புடிச்சிருச்சு. இந்தக் குளிருக்கு பிளாப்பி தாங்குமா?"

போட்டுப் பார்த்தேன். பஸ் இல்லை. மாமாவை விடப் பெரிய திருடன் இவர் என்று முடிவு கட்டினேன்.

அப்பா பென்ஷன் எடுக்கும்வரை அதே குவாட்டர்ஸில்தான் இருந்தோம். பூஞ்சணம் பிடித்த பிளாப்பி கணினிப் பெட்டிக்குள் போனதும் கறகறவென்று அழும், திறக்காது. என்னுடையது சத்தமில்லாமல் திறந்து, முழு இடமும் காலி என்று காட்டியது. அதன் பொருள் எனக்கு அன்று பிடிபடவில்லை. அதன் பிறகு பெரிய கிளாக்கருக்கு வணக்கம் வைப்பதையே விட்டுவிட்டேன். எதிரே வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த மனுஷன் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. நான் கடந்து போகும்வரை, பாதையோரம் ஒதுங்கி நின்று வழிவிடுவார்.