சொல்லிவிட்டுச் செய்யாத ஜெபம்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு நெசவாளர் படுத்த படுக்கையானபோது, அவர் மனைவி என்னிடம் வந்தார்.

"நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு. அவருக்காக ஜெபம் பண்ணுமா."

"தினமும் பண்றேன்க்கா" என்றேன். ஒரு நாள்கூடப் பண்ணவில்லை. அக்கா வாசல் தாண்டியதும் மறந்துவிட்டேன்.

அவர் இறந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் விளக்கு வெச்சா, 'இந்நேரம் அந்தப் பொண்ணு எனக்காக ஜெபம் பண்ணிக்கினு இருக்கும்'னு சொல்வாரு. அப்புறம்தான்மா கண்ண மூடுவாரு."

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லித் தருகிறவள் நான். அக்காவிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் தவறாமல் முழங்காலிடுகிறேன். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. என்ன கேட்பதென்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன்.